கொடைக்கானல் சூரிய ஆய்வகம்: கடந்து வந்த 125 ஆண்டுகள்

தாது வருடப் பஞ்சம் என்று முன்னோர் சொன்ன 1876–78 பெரும் பஞ்சத்திலிருந்துதான் நம் ஆய்வகத்தின் வரலாற்றைத் தொடங்க வேண்டும். மழை ஏன் பொய்த்தது, சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசின் முன் நின்றது. சூரியனைத் தினமும் கவனிக்கத் தனி நிலையம் வேண்டும் என்ற எண்ணம் அதில் பிறந்தது. அருகிலுள்ள பள்ளங்கியிலும் வில்பட்டியிலும் வானம் பார்த்து விதைப்பவருக்கு அந்தக் கேள்வியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வானாய்வகத்தின் பொறுப்பாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2,343 மீட்டர் உயரமுள்ள இந்தக் குன்றைத் தேர்ந்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 அன்று ஆய்வகம் தோன்றியது. மோட்டார் சாலை வராத காலம். அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கினால் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் செங்குத்தான மலைப்பாதை. கருவிகள் ஏறிவந்தது அவ்வழியேதான். சுமந்தவர்களின் பெயர்களை இம்மலரில் அச்சிட இயலவில்லை, நன்றியை அச்சிடுகிறோம்.

1904 முதல் சூரியனின் அன்றாடப் படங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிவாயின. வெண்ணொளியில் எடுத்தால் புள்ளிகள் தெரியும். ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி செய்தது வேறு வேலை. மெல்லிய பிளவு ஒன்று சூரிய பிம்பத்தின் மேல் மெல்ல நகரும்; உள்ளே புகும் ஒளியிலிருந்து கால்சியத்தின் ஊதா ஒளியை மட்டும் கருவி பிரித்தெடுக்கும்; தகட்டில் கீற்றுக் கீற்றாக முழுச் சூரியனும் உருவாகும்.

1907-இல் வந்து சேர்ந்தார் ஜான் எவர்ஷெட். 1909 ஜனவரி 5, இடியும் மழையும் ஓய்ந்து வானம் தெளிந்திருந்த நாள். சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தவர், கோடுகள் இடம் பெயர்ந்திருக்கக் கண்டார். புள்ளியைச் சூழ்ந்த மங்கல் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பது அதன் பொருள். எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்களில் இன்றும் நிற்பது இந்தக் குன்றில் கண்டதே. சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் போன்ற உதவியாளர்கள் அக்காலத்தில் உடன் உழைத்தனர்.

எவர்ஷெட்டுக்கு அடுத்து இயக்குநரானவர் ராய்ட்ஸ். 1937-இல் ஏ.எல். நாராயண் முதல் இந்திய இயக்குநரானார். ஏ.கே. தாஸ் காலத்தில் திட்டமிட்ட கோபுரத் தொலைநோக்கிக்காக 60 மீட்டர் நீளச் சுரங்கம் அமைந்தது. 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு விண்மீன் ஆய்வைக் காவலூருக்குக் கொண்டுசென்றார். 1971-இல் நம் ஆய்வகம் அடங்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. இத்தனை மாற்றத்திலும் காலைப் படம் நிற்கவில்லை. எந்தக் கண்டுபிடிப்புக்கும் இணையான சாதனை அதுவே என்பது எம் கருத்து.

அதை உலகம் வந்து பார்த்தது 1999 டிசம்பர் 13 முதல் 16 வரை. நூற்றாண்டையொட்டி, சர்வதேச வானியல் ஒன்றியத்தின் 179-ஆவது கருத்தரங்கம் கொடைக்கானலில் கூடியது. சூரியக் காந்தப் புலங்களின் சுழற்சியே பொருள். டிசம்பர்க் குளிரில் ஏரிக்கரையும் கோக்கர்ஸ் நடைபாதையும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா! ஆனால் அறிஞர்களுக்கு உண்மையான சொத்து நம் அலமாரிகளில் இருந்தது. கால்சியப் படத்தில் பளிச்சென்று தெரியும் திட்டுகள் காந்தப் புலம் வலுத்த இடங்கள். சூரியப் புள்ளிகளில் காந்தம் உண்டு என்று ஹேல் அமெரிக்காவில் கண்டது 1908-இல். நம் தகடுகளோ 1904-இலேயே அதன் தடயத்தைப் பதியத் தொடங்கிவிட்டன. எடுத்தவர்களுக்கு அன்று அது தெரிந்திருக்க வழியில்லை.

எவர்ஷெட் விளைவின் நூற்றாண்டுக்காக 2008 டிசம்பரில் பெங்களூரில் மற்றொரு மாநாடு நடந்தது. 2023-இல் ஆதித்யா எல்-1 விண்கலம் சுமந்து சென்ற கரோனா ஆய்வுக் கருவி நம் நிறுவனம் உருவாக்கியதே. பழைய தகடுகள் இப்போது கணினிப் படங்களாகி, எல்லா நாட்டு ஆய்வாளருக்கும் பயன்படுகின்றன. ஆய்வக அருங்காட்சியகம் பொதுமக்களுக்கும் உண்டு. மேகமில்லாத ஒரு காலையில் உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.