நில ஆவணங்களில் ஒரு குடிவழி: லிங்கன் முன்னோர் பற்றிய சான்றுகளும் அவற்றின் மொழியும்

அமெரிக்கக் குடியரசின் பதினாறாம் தலைவராகப் பின்னாளில் விளங்கிய ஆப்பிரகாம் லிங்கன், 1848ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மாசசூசெட்சு மாநிலத்தின் ஹிங்கம் ஊரினராகிய சாலமன் லிங்கன் என்பாருக்குத் தம் முன்னோரைப் பற்றி ஒரு மடல் எழுதினார். அப்போது அவர் பேராயத்தின் உறுப்பினர். தம் தந்தை தாமசு. பாட்டனார் தம் பெயரையே உடைய ஆப்பிரகாம். அவர் வர்ஜீனியாவின் ராக்கிங்கம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து அங்கே கொல்லப்பட்டார். அதற்கு முன் குடும்பம் பென்சில்வேனியாவில் இருந்ததாகக் கேள்வி. அவரால் உறுதியாகக் கூற முடிந்தது இவ்வளவே. 1859இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பிலும், நியூ இங்கிலாந்தின் லிங்கன் குடும்பத்தோடு தம் குடும்பத்தை இணைக்கும் முயற்சி, இரு குடும்பங்களிலும் ஒரே பெயர்கள் வழங்குகின்றன என்பதற்கு மேல் செல்லவில்லை என்றே கூறினார்.

வழக்கறிஞராகத் தொழில் புரிந்த ஒருவரின் குடும்ப நினைவு மூன்றாம் தலைமுறையிலேயே மங்கிவிட்டது. ஆயினும் அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடக்குமுன்பே அவ்வழி ஏழு தலைமுறைகளுக்கு நிறுவப்பட்டது. சாமுவேல் ஷேக்ஃபர்டு 1887இல் வெளியிட்ட ஆய்வும், லீ, ஹட்சின்சன் இருவரும் 1909இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. இவ்வாய்வுகளின் அடிப்படை, கவுண்டி நீதிமன்றங்களில் பதிவான நில ஆவணங்களும் உயில்களும் ஆகும். அவ்வாவணங்களின் மொழி எவ்வாறு உறவை வெளிப்படுத்துகிறது என்பதையும், அதனைப் பெயர்க்க முற்படுவோர் எங்கெங்கே இடறக்கூடும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆவணம் சான்றாகும் முறை

நிலக் கிரய ஆவணம் குடிவழியைக் கூறுவதற்காக எழுதப்படுவதன்று. விற்பவருக்கு அந்நிலம் எப்படி வந்தது என்பதைச் சட்டத்திற்கு எடுத்துக்காட்ட வேண்டியிருப்பதால் மட்டுமே தந்தை பெயரும், மனைவி பெயரும், முன்னைய உயிலும் அதில் இடம்பெறுகின்றன. குடும்பப் பெருமை பேச வேண்டிய தேவை அதற்கு இல்லை. இக்காரணத்தாலேயே அதன் கூற்று, முதியோர் வாய்மொழியினும் வலுவுடையது எனலாம்.

ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. இன்று பதிவேட்டில் காணப்படுவது மூல ஆவணமன்று. நீதிமன்ற எழுத்தர் அதனைப் பார்த்து எழுதிய படி. கையொப்பமும் எழுத்தர் கையெழுத்தே. எனவே பதிவேட்டுக் கையொப்பத்தின் எழுத்து அமைதியைக் கொண்டு ஒருவர் தம் பெயரை எவ்வாறு எழுதினார் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. கையொப்பமிட இயலாதவர் இட்ட கீற்றைக்கூட எழுத்தர் தம் மனம்போல் வரைந்திருப்பர்.

1748ஆம் ஆண்டு ஆவணம்

இங்கிலாந்தின் நார்ஃபோக்குப் பகுதி ஹிங்கமிலிருந்து 1637இல் மாசசூசெட்சு வந்த நெசவுத் தொழிலாளர் சாமுவேல் லிங்கன். அவர் மகன் மார்டிகாய். அவர் மகனும் மார்டிகாயே. இளைய மார்டிகாய் முதலில் நியூ ஜெர்சிக்கும் பின்னர்ப் பென்சில்வேனியாவுக்கும் பெயர்ந்து 1736இல் மறைந்தார். மறுபுறம், 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக் கரையில் நிலம் வாங்கிய ஜான் லிங்கன் என்பவரைத் தலைவர் லிங்கனின் கொள்ளுப்பாட்டனார் என ராக்கிங்கம் ஆவணங்கள் காட்டின. இவ்விரு முனைகளையும் இணைப்பது எது? பெயரொற்றுமை மட்டும் போதாது. பென்சில்வேனியாக் கிளையிலேயே ஆப்பிரகாம் என்னும் பெயருடையோர் இருவர்: தந்தை மறைந்தபின் 1736இல் பிறந்த சிறிய தந்தை ஒருவர், 1744இல் பிறந்த அண்ணன் மகன் ஒருவர். இருவருக்கும் வயது வேறுபாடு எட்டே ஆண்டு.

இணைப்பைத் தந்தது நியூ ஜெர்சி நிலம். இளைய மார்டிகாய் தம் உயிலில், நியூ ஜெர்சியில் தாம் விட்டுவந்த 300 ஏக்கரை மகன் ஜானுக்கு வைத்தார். அந்நிலத்தை ஜான் 1748இல் விற்றார். அவ்வாவணத்தில் எழுதிக் கொடுப்பவர், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் வாழும் ஜான் லிங்கன். நிலம் தந்தை மார்டிகாயின் வழி வந்தது. நியூ இங்கிலாந்து வழியினரான மார்டிகாயும், பின்னர் வர்ஜீனியா சென்ற ஜானும் தந்தையும் மகனும் என்பதற்கு இவ்விற்பனை சான்றாயிற்று. லிங்கன் தேடியது பெயர்களின் ஒப்புமை. விடை கிடந்ததோ, குடும்பத்தார் யாரும் வாழாத ஒரு நிலத்தின் விற்பனையில்.

மேற்கூறிய உயிலின் நாள் 1735/6 பிப்ரவரி 22 என இரட்டை ஆண்டாகக் குறிக்கப்படுகிறது. 1752 வரை ஆங்கிலேயர் குடியேற்றங்களில் சட்டமுறை ஆண்டு மார்ச்சு 25இல் தொடங்கியது. ஆகவே சனவரி, பிப்ரவரி ஆவணங்களை நம் கணக்கில் அடுத்த ஆண்டில் வைத்தல் வேண்டும். சாய்கோட்டை எழுத்துப் பிழை எனக் கருதி இரண்டாம் எண்ணை நீக்கிவிடும் பெயர்ப்பாளர், தந்தை இறந்தபின் ஓராண்டுக்கு மேற்பட்டு ஒரு பிள்ளையைப் பிறக்கவைத்துவிட நேரும்.

பெர்ஷீபாவின் பெயர்

ஜானும் அவர் மனைவி ரெபெக்காவும் 1773இல் மகன் ஆப்பிரகாமுக்கு 210 ஏக்கர் எழுதிக் கொடுத்தனர். அந்த ஆப்பிரகாமே தலைவரின் பாட்டனார். அவர் 1780இல் தம் வர்ஜீனிய நிலத்தை 5000 பவுனுக்கு விற்றுக் கென்டக்கிப் பயணத்திற்கு ஆயத்தமானார். விலையைக் கண்டு அவரைப் பெருஞ்செல்வர் எனக் கருதலாகாது. விடுதலைப் போர்க் காலத்தில் மதிப்பிழந்துகொண்டிருந்த தாள் நாணயக் கணக்கு அது.

இவ்விற்பனையில் விலையினும் மதிப்புடையது மனைவியின் பெயர். ஆங்கிலப் பொதுச் சட்டப்படி மனைவிக்குத் தனிச் சொத்துரிமை அரிது. ஆனால் கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கை வாழ்நாள் முழுதும் நுகரும் உரிமை அவளுக்கு உண்டு. அவள் இசைந்து விட்டுக்கொடுத்தாலன்றி வாங்குபவரின் உரிமை நிறைவுறாது. எனவே நீதிமன்றம் அவளைக் கணவனிடமிருந்து பிரித்து நிறுத்தி, அச்சுறுத்தலின்றித்தான் இசைகின்றாளா எனத் தனியே வினவுதல் மரபு. ஆப்பிரகாமின் மனைவி விட்டுக்கொடுத்த பதிவில் அவர் பெயர் பெர்ஷீபா எனக் காணப்படுகிறது. பிற்காலக் குடும்ப வழக்கு மேரி ஷிப்லி என்னும் வேறொரு பெண்ணைப் பாட்டியாராகக் கூறிவந்தது. மேரி முதல் மனைவியா, அல்லது நினைவுப் பிழையால் புகுந்த பெயரா என வாதங்கள் எழுந்தன. 1780இல் மனைவியாக இருந்தவர் பெர்ஷீபா என்பதை அவ்வாதங்கள் அசைக்க முடியவில்லை. வாங்குபவரைக் காக்கவே வகுத்த சட்ட முறை ஒரு பெண்ணின் பெயரைக் காத்தளித்தது.

‘தன் இப்போதைய மனைவி’ என்னும் தொடரும் அக்கால ஆவணங்களில் பரவலாக வரும். முன்னொரு மனைவி இருந்தாள் என அதற்குப் பொருள் கொள்வது இயல்பான தவறு. பின்னர் வரக்கூடிய மனைவியர்க்கு அவ்வுரிமை நீளாதவாறு வரையறுப்பதே அத்தொடரின் பணி.

ராக்கிங்கம் பதிவேடுகளில் ஒரு பகுதி 1864இல், போரின்போது, பாதுகாப்புக்காக வண்டியிலேற்றப்பட்ட நிலையில் ஒன்றியப் படையினரால் தீக்கிரையாயிற்று. அப்படையின் தலைமைத் தளபதிப் பொறுப்பு அரசமைப்பின்படி லிங்கனுடையது.

எழுத்தரின் செவி

கென்டக்கியில் 400 ஏக்கருக்கான உரிமைச் சீட்டை ஆப்பிரகாம் 1780 மார்ச்சில் 160 பவுன் செலுத்திப் பெற்றார். அதில் அவர் பெயர் லிங்க்ஹார்ன். 1785 மே 7இல் லாங் ரன் ஓடைக்கரையில் அந்நிலம் அளக்கப்பட்டபோது, சங்கிலி பிடித்தோர் அனனையா லிங்கன், ஜோசையா லிங்கன். எல்லைக் குறியிட்டவர் ஆப்பிரகாம் லிங்க்ஹார்ன். ஒரே தாளில் ஒரே குடிப்பெயர் இரு வடிவில்! மொழியியலாருக்கு இது வியப்பன்று. ஆங்கிலத்தில் அப்பெயரின் ஈற்று லகரம் ஒலிப்பதில்லை. ஒலியாத எழுத்தை அறியாத எழுத்தர், தம் செவியில் விழுந்த ஈற்றசைக்குத் தமக்குப் பழகிய ஓர் எழுத்துருவம் கொடுத்தார். எழுத்து வேறுபாட்டைக் கொண்டு ஆட்களை வேறாக்குதல் எவ்வளவு பிழையோ, எழுத்து ஒற்றுமையைக் கொண்டு ஒருவராக்குதலும் அவ்வளவு பிழையே. தமிழாக்கத்தில் இத்தகைய வடிவங்களை ஒருமைப்படுத்தாமல் உள்ளவாறே எழுதுதல் நன்று. சங்கிலி பிடிப்போர் பெரும்பாலும் உறவினராகவோ அயலாராகவோ இருப்பர் என்பதால், நில அளவைத் தாளின் ஓரத்துப் பெயர்களும் விடத்தக்கன அல்ல.

முறைப்பெயர்களும் மரபுத் தொடர்களும்

பெயர்ப்பாளருக்கு மிகுந்த தொல்லை தருவன உறவுச் சொற்களே. இன்று மகளின் கணவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று மனைவியின் முற்கணவர் மகனையும் குறித்தது. அதனை ஆராயாது ‘மருமகன்’ எனப் பெயர்த்தால், இல்லாத மகளொருத்தி குடிவழியில் தோன்றிவிடுவாள். ‘கசின்’ என்னும் சொல் அக்காலத்தில் உடன்பிறந்தார் மக்களையும் தழுவியது. ‘இன்ஃபன்ட்’ என்பது கைக்குழந்தையன்று. 21 வயது நிரம்பாதவர், அதாவது நம் நீதிமன்றத் தமிழில் இளவர். ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்னும் அடைகள் ஓரூரில் ஒரே பெயருடைய இருவரை வேறுபடுத்துவனவே. தந்தை மகன் என்று காட்டுவன ஆகா.

‘கசின்’ தமிழில் வேறொரு சிக்கலும் உடையது. சிற்றப்பன் மகனா, மாமன் மகனா என்று தெரியாமல் தமிழில் முறை சொல்ல இயலாது. மூலம் தராத செய்தியைத் தருமாறு தமிழ் நம்மை வற்புறுத்துகிறது. ‘உறவினர்’ என்று பொதுவாக எழுதுவது நயமற்றதாகத் தோன்றினும் நேர்மையானது. லூயி ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை நூலில் நியூயார்க்குப் பகுதிச் செனகா மக்களின் முறைப்பெயர்களையும் தமிழ் முறைப்பெயர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். தாயின் உடன்பிறந்தாள் மக்களை அண்ணன் தம்பி எனக் கொள்வது இரண்டிற்கும் பொது. ஆகவே அம்மக்கள் நிலம் விட்டுக்கொடுத்த ஆவணத்தில் ‘பிரதர்’ எனும் சொல் வருமாயின், ஆங்கிலேயர் கருதிய பொருளினும் நம் ‘அண்ணன் தம்பி முறை’ அதற்கு அணித்தாக இருக்கக் கூடும்.

மரபுத் தொடர்கள் இதற்கு மாறாக எளிதில் அமைகின்றன. உரியோருக்கும் அவர்தம் ஒப்படையாளருக்கும் என்றென்றைக்கும் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடருக்குப் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்னும் நம் பழம்பத்திர நடை நன்கு ஈடாகும். ஆனால் நம் தொடர் வழித்தோன்றலையே சுட்டுகிறது. ஒப்படையாளரைச் சேர்க்கத் ‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு’ என்பதையும் உடன் கொள்ளுதல் வேண்டும். விலை குறித்த தொடர்களிலும் விழிப்பு தேவை. 5 ஷில்லிங்குக்கு நிலம் கைமாறியதைக் கண்டவுடன் தந்தை மகனுக்குக் கொடுத்தது எனச் சிலர் முடிவு செய்வர். ஒரே விற்பனையை ஓராண்டுக் குத்தகை, மறுநாள் முழு விடுவிப்பு என இரு தாள்களாக எழுதும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அக்குத்தகைத் தாளில் விலை 5 ஷில்லிங்கு, வாடகை ஒரே ஒரு மிளகு என எழுதப்படும். அதிலிருந்து உறவு எதுவும் பெறப்படாது. மிளகு வாணிகத்தில் பெயர்பெற்ற நாட்டினருக்கு இவ்வாடகை சற்றே நகை விளைவிக்கலாம்.

நிலம் பெறாத மகன்

பாட்டனார் ஆப்பிரகாம் 1786 மே திங்களில் உயில் எழுதாமலே கொல்லப்பட்டார். கென்டக்கி அன்று வர்ஜீனியாவின் பகுதி. மக்கள் அனைவருக்கும் சமபங்கு வழங்கும் வர்ஜீனியச் சட்டம் 1785இல் இயற்றப்பட்டதாயினும் நடைமுறைக்கு வந்தது 1787 சனவரி முதல் நாளில். அந்த ஏழெட்டுத் திங்கள் இடைவெளியில் பழைய முறையே ஆண்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மூத்த மகன் மார்டிகாய்க்குச் சென்றது. சிறுவர் தாமசுக்கு ஒன்றுமில்லை. ‘சட்டப்படி வாரிசு’ என்னும் தொடரை இக்காலத் தமிழ்ப் பொருளில் மக்கள் எல்லாரும் எனக் கொண்டால் இக்குடும்பத்தின் வறுமையே விளங்காது போகும். அத்தொடர் அன்று ஒரே ஒருவரைக் குறித்தது.

தாமசு பின்னர்த் தம் உழைப்பால் 1803இல் 238 ஏக்கர் வாங்கினார். கென்டக்கியில் எல்லைகள் ‘வெள்ளைக் கருவாலி மரம் தொடங்கி ஓடை வரை’ என்னும் முறையில் எழுதப்பட்டன. மரம் விழுந்தால் எல்லையும் விழும். ஒரே நிலத்தின் மேல் பலர் உரிமைச் சீட்டு வைத்திருந்தனர். அவர் 1814இல் அந்நிலத்தை விற்றபோது அளவைப் பிழையால் 200 ஏக்கராகவே விற்றார். மற்ற இரு பண்ணைகளிலும் உரிமை வழக்குகள். 1816இல் குடும்பம் இந்தியானாவுக்குப் பெயர்ந்தது. அடிமைமுறையும் ஒரு காரணம், நில உரிமைத் தொல்லையே முதன்மைக் காரணம் என மகன் பின்னாளில் எழுதினார்.

இந்தியானாவில் கூட்டாட்சி அரசு நிலத்தைச் சதுரங்களாக அளந்து விற்றது. தாமசு 1817இல் பதிந்துகொண்ட நிலத்தின் விவரம், இத்தனையாம் வரிசை, இத்தனையாம் நகரியம், 32ஆம் பிரிவின் தென்மேற்குக் காற்பகுதி என்பதே. உரிமை உறுதியாயிற்று. அயலார் பெயர், மரம், ஓடை யாவும் ஆவணத்தை விட்டு நீங்கின. குடிவழி ஆய்வாளருக்கு இது இழப்பே.

ஆவணங்கள் தரும் மற்றொரு செய்தியையும் கூறுதல் கடமை. வர்ஜீனியா 1705இல் இயற்றிய சட்டம் அடிமைகளை நிலத்தோடொத்த அசையாச் சொத்தாகக் கருதியது. ஆகவே நிலப் பதிவேடுகளில் அவர்களும் குடிப்பெயரின்றி, ஒற்றைப் பெயரில், சில வேளை தாயும் மகவும் சேர்த்தெண்ணப்பட்டவாறு காணப்படுகின்றனர். லின்வில் ஓடைக்கரையில் தங்கிய லிங்கன் கிளையினரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தனர். லிங்கன் குடிவழியைத் தொடர உதவும் அதே ஏடுகளைக் கொண்டுதான் அம்மக்களின் வழித்தோன்றல்களும் தேட வேண்டியுள்ளது. ஆனால் அவர்கள் தேடவேண்டிய பெயர் தம் முன்னோருடையதன்று, உடைமையாளருடையது. கூட்டாட்சிக் குடிக்கணக்கு, வீட்டிலுள்ள சுதந்திரர் ஒவ்வொருவர் பெயரையும் 1850 முதல் எழுதத் தொடங்கியது. அதே ஆண்டில் அடிமைகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட தனி அட்டவணையில், உடைமையாளர் பெயரின் கீழ் வயதும் பாலும் நிறமும் குறிக்கப்பட்டன. அடிமைகளின் பெயரோ மிக அரிதாகவே எழுதப்பட்டது.