கோட்டை இருந்த குப்பம்

திட்டம் போட்டுப் போகவில்லை. பொன்னேரியில் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, 'பழவேற்காடு, பழவேற்காடு' என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்துவிட்டேன். கையில் குறிப்பேடு இல்லை, காமிரா இல்லை. ஒருவகையில் அது நல்லதாகப் போயிற்று. ஆய்வாளன் என்ற வேஷத்தோடு போயிருந்தால் ஊர் தன் 'வரலாற்றை' எடுத்துக் காட்டியிருக்கும். அந்த வரலாறு எது என்பதுதான் பிரச்சினையே.

பஸ்ஸை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் முதலில் டச்சுக் கல்லறையைத்தான் கை காட்டுகிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே 17ஆம் நூற்றாண்டு வணிகர்களும் அதிகாரிகளும் அவர்களுடைய மனைவி மக்களும், குலச்சின்னங்களோடும் டச்சு மொழி வாசகங்களோடும். கல்வெட்டுத் திறமை அசத்துகிறது, மறுப்பதற்கில்லை. அவர்கள் ஆண்ட கோட்டையோ முள் மண்டிய மேடாகக் கிடக்கிறது. செத்தவர்களின் பெயர் நிற்கிறது, அவர்கள் செய்த காரியம் நின்ற இடம் புதருக்குள் போய்விட்டது. சௌகரியமான ஏற்பாடு.

அந்தக் காரியம் என்ன? 1610இல் விஜயநகர அரசன் வேங்கடபதியின் அனுமதி பெற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றியது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுவே அவர்களின் தலைமையிடம். மலுக்குத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிட இந்தக் கரையின் துணிதான் செல்லுபடியானது. மலாய் நாட்டில் இன்றும் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்'. பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். நெய்த ஊரின் பெயர் கடல் தாண்டிப் பிழைத்திருக்கிறது. நெய்தவன் பெயர் இல்லை.

துணி மட்டும் போகவில்லை. 1621இல் யான் பீட்டர்ஸ்ஜோன் கூன் பண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் நாடுகடத்தியும் காலி செய்தான். சாதிக்காய்த் தோட்டம் இருக்கிறது, உழைக்க ஆள் இல்லை. ஆள் எங்கிருந்து? இந்தக் கரையிலிருந்தும்தான். 1621க்கும் 1665க்கும் இடையில் சோழமண்டலத்திலிருந்து 20,000க்கும் மேற்பட்டவர்களைக் கம்பெனி அடிமைகளாகக் கப்பலேற்றியது. பஞ்சமும் படையெடுப்பும் வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி எகிறும். சோறில்லாதவன் பிள்ளையை விற்பான், பிறகு தன்னையே விற்பான். கம்பெனி கரையில் காத்திருக்கும். 'வாங்கினோம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர்களும் ஒதுங்கிக்கொள்ளலாம், இங்கே விற்றுக்கொடுத்த தரகர்களின் வாரிசுகளான நாமும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இதே ஊரில் 1632 முதல் 1642 வரை பாதிரியாக இருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். பத்மநாபன் என்கிற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயம் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் வந்தது. பர்த்ருஹரியை முதன்முதலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன நூல். ஒரே துறைமுகத்திலிருந்து பர்த்ருஹரியும் போகிறார், அடிமையும் போகிறான். முன்னவர் அறிவாக, பின்னவன் எண்ணிக்கையாக. கீழைத்தேயவியல் பற்றி இங்கே எழுதுகிற நாம் கல்கத்தாவையும் வில்லியம் ஜோன்ஸையும் தாண்டி இந்த மணல்மேட்டுப் பக்கம் வருவதே இல்லை.

சரி, கோட்டைக்குப்பத்துக்கு வருவோம். பெயரிலேயே கோட்டையைச் சுமக்கிற பட்டினவர் குப்பம். வலை பிணைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோட்டையைப் பற்றிக் கேட்டால் ஒன்றிரண்டு வார்த்தை; பாட்டைப் பற்றிக் கேட்டதும் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"பாடுன்னா சும்மா இல்ல தம்பி. இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. சீட்டு போட்டு எடுக்கறது. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் மொற மாறி வல கட்ட முடியாது."

இறால் கிடைக்கிற இடங்களைத் தலைக்கட்டுக் கணக்கில் முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு இது. கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடூர் மாதாகுப்பமும் வழிவழியாக உரிமை உள்ளவை. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் சீட்டுப் போடும் கட்டுவலை முறை உண்டு. அரசும் சந்தையும் இல்லாமலே மக்கள் பொதுச்சொத்தைக் காத்துக்கொள்வார்கள் என்பதற்கு உதாரணமாக ஆய்வாளர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். வடசென்னை அனல்மின் நிலையமும் 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகமும் அடுத்து வந்த காட்டுப்பள்ளியும் தெற்கிலிருந்து நெருக்கிக்கொண்டுவர, முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோகிற ஏரியில் அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கும் பாதி உடன்பாடு.

மீதிப் பாதிதான் இடிக்கிறது. தலைக்கட்டு என்பது கல்யாணமான ஆண். பெண்ணுக்குக் கூடை உண்டு, பாடு இல்லை. பட்டினவர் அல்லாதார்க்கும் இல்லை. ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். இருளர்கள்.

"அவங்களுக்கு?" என்றேன்.

"அவங்களுக்கு ஏது பாடு? கையால தடவிக்குவாங்க."

பெரியவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, ஏளனமாகவும் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். நான் கப்பல் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"எங்க ஆளுங்களையும் ஏத்திட்டுப் போயிருப்பானா தம்பி?"

"யாரு சோறில்லாம இருந்தாங்களோ அவங்களத்தான் முதல்ல" என்றேன்.

அவர் ஏரியைப் பார்த்தார். அந்தப் பெண்கள் இன்னும் குனிந்தே இருந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்பி விட்டவர் அவர்தான்.