காலே பிரேக்கு... செயினே உயிரு!

வரலாற்றுப் பதிவுன்னதும் ராஜா, கோட்டை, போர்னு எதிர்பார்த்து வந்த மக்கள்ஸ் மன்னிக்கணும். இன்னைக்கு நம்ம ஹீரோ அரை அங்குல நீளமுள்ள ஒரு இரும்புத் துண்டு. சைக்கிள் செயினோட ஒரே ஒரு கண்ணி. அது அறுந்தா என்ன ஆகும்கிறதுதான் மேட்டர்.

செயின் கழண்ட அனுபவம் நம்மில் அநேகமா எல்லாருக்கும் இருக்கும். பெடல் திடீர்னு கனமில்லாம சுத்தும். இறங்கி, ஓரமா நிறுத்தி, ஒரு குச்சியை வெச்சு செயினைப் பல்லுல மாட்டி, கை மசியை சட்டையில துடைச்சு, வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டா கதை முடிஞ்சது. இவ்வளவு லேசா முடியறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, நம்ம சைக்கிளுக்கு பிரேக் தனியா இருக்கு. ரெண்டாவது, பின்சக்கரத்துல ப்ரீவீல் இருக்கு. அதான், பெடலை நிறுத்தினாலும் "டிக் டிக் டிக்"னு சத்தம் போட்டுக்கிட்டே வண்டி உருளுமே, அந்த சமாச்சாரம்.

பிக்ஸ்டு கியர் சைக்கிள்ல இந்த டிக் டிக் கிடையாது. பின்சக்கரத்துப் பல்சக்கரம் ஹப்போட இறுக்கமா பிணைஞ்சிருக்கும். சக்கரம் சுத்தினா பெடல் சுத்தியே ஆகணும். இறக்கத்துல போனாலும் கால் சுத்திக்கிட்டேதான் இருக்கணும். வேகத்தைக் குறைக்க பெடலை எதிர்த்து அமுக்கணும். அதாவது காலே பிரேக்கு. அந்தக் காலோட பலத்தை சக்கரத்துக்குக் கொண்டு போறது செயின். அப்போ செயின் போனா?

பிரேக்கும் போச்சு. அவ்வளவுதான்.

முதல்ல செயினே இல்ல

1860கள்ல பாரிஸ்ல மிஷோ பட்டறையில செஞ்ச வண்டிகள்ல பெடல் நேரா முன்சக்கரத்துலயே இருந்துச்சு. நம்ம குழந்தைங்களோட மூணு சக்கர சைக்கிள் மாதிரி. ஒரு சுத்து மிதிச்சா சக்கரம் ஒரு சுத்து. வேகம் வேணும்னா சக்கரத்தைப் பெருசாக்குறதைத் தவிர வேற வழி இல்ல. அதனாலதான் 1870கள்ல அந்த ஆளுயர முன்சக்கர சைக்கிள் வந்துச்சு. இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லிக்கு இதுல பெரிய பங்கு உண்டு.

இதுவும் ஒரு வகையில பிக்ஸ்டு கியர்தான். இறக்கத்துல பெடல் சுத்துற வேகத்துக்குக் கால் ஈடு கொடுக்க முடியாம, ஆளுங்க ரெண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பார் மேல போட்டுக்கிட்டு இறங்குவாங்க. முன்சக்கரம் ஒரு கல்லுல தட்டுச்சுன்னா ஆள் தலைகுப்புற முன்னாடி போய் விழுவார். இது அடிக்கடி நடந்ததால, இந்த விழுகைக்கு "ஹெட்டர்"னு தனிப் பேரே வெச்சாங்க!

இதுக்குத் தீர்வா வந்ததுதான் செயின். 1879ல ஹாரி லாசன், பின்சக்கரத்தை செயினால ஓட்டுற ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். 1880ல மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனால்டுங்கிற சுவிட்சர்லாந்துக்காரர், புஷ்ஷும் ரோலரும் வெச்ச செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு உங்க வீட்டு சைக்கிள்ல ஓடுறது அந்த செயினோட வாரிசுதான். அதுக்கு முன்னாடி பின் நேரா தகட்டுல உரசி சீக்கிரம் தேஞ்சு போகும். ரெனால்டு அந்த உரசலை ஒரு குழாய் நீளத்துக்குப் பரப்பிவிட்டார். தேய்மானம் குறைஞ்சது. 1885ல ஜேம்ஸ் ஸ்டார்லியோட சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் "சேஃப்டி" சைக்கிளைக் கொண்டுவந்தார். ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்னாடி செயின். பேருலயே பாதுகாப்பு இருக்கு பாருங்க. ஆனா இதுலயும் ப்ரீவீல் கிடையாது. இறக்கத்துல காலைத் தூக்கி முன் போர்க்குல இருக்கிற சின்னக் கட்டைல வெச்சுக்கணும். பெடல் பாட்டுக்குத் தானா சுத்தும். திரும்பக் காலை அதுமேல வைக்கிறது சர்க்கஸ்தான்.

ப்ரீவீல் யோசனை புதுசு இல்ல. அமெரிக்காவுல 1869லயே வில்லியம் வான் ஆண்டன் அதுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனா பரவலா புழக்கத்துக்கு வந்தது 1900ஐ ஒட்டித்தான். ஏன்னு யோசிச்சுப் பாருங்க. ப்ரீவீல் போட்டா காலால நிறுத்த முடியாது. நல்ல பிரேக் இருந்தாதான் ப்ரீவீலுக்கு அர்த்தம். பெடலைப் பின்பக்கம் மிதிச்சா பிடிக்கிற கோஸ்டர் பிரேக்கும் ஏறக்குறைய அதே சமயத்துல வந்தது தற்செயல் இல்ல.

ரயிலுக்குப் பின்னாடி ஒரு மைல்

ப்ரீவீல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆகணும். 1899 ஜூன் 30. நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட். சார்லஸ் மர்ஃபின்னு ஒரு பந்தய வீரர். எதிர்க்காத்தைத் தடுத்துக் கொடுத்தா ரயில் வேகத்துக்கு சைக்கிள் ஓட்டுவேன்னு சொல்லிட்டிருந்தார். ரயில் கம்பெனி சரின்னுட்டாங்க. தண்டவாளங்களுக்கு நடுவுல பலகை அடிச்சு பாதை போட்டாங்க. கடைசிப் பெட்டியோட பின்பக்கம் கூடாரம் மாதிரி ஒரு காத்துத் தடுப்பு. மர்ஃபி அதுக்குள்ள புகுந்து மிதிக்கணும்.

ஒரு மைலை 57.8 நொடியில முடிச்சார். கணக்குப் போட்டா மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். அவரோட கியர் அளவு 104 அங்குலம். அதாவது பெடல் ஒரு சுத்துக்கு வண்டி 8.3 மீட்டர் போகும். அப்படின்னா அவர் கால் நிமிஷத்துக்கு 200 தடவை சுத்தியிருக்கு! பிக்ஸ்டு கியர்ங்கிறதால நிறுத்தவும் முடியாது.

மைல் முடிஞ்சதும்தான் உண்மையான கண்டம். இன்ஜின் டிரைவர் நீராவியை அடைச்சார். ரயில் வேகம் குறைஞ்சது. மர்ஃபி குறையல. நேரா பெட்டியோட பின்பக்கம் போய் மோதினார். பின்மேடையில நின்ன ஆளுங்க எட்டிப் பிடிச்சு, சைக்கிளோட சேர்த்தே மேல இழுத்துப் போட்டாங்க. உலகமே "ஒரு நிமிஷத்துல ஒரு மைல் மர்ஃபி"ன்னு கொண்டாடுச்சு. அந்த 57.8 நொடியில அவர் உயிரைத் தாங்கினது அந்த மெல்லிசு செயின்தான். அது நடுவுல ஒரு தடவை தெறிச்சிருந்தா, "ஒரு நிமிஷத்துல போன மர்ஃபி"ன்னுதான் எழுதியிருப்பாங்க.

செயின் எப்படிக் கவுக்கும்?

இங்க கொஞ்சம் மெக்கானிக் சமாச்சாரம். பிக்ஸ்டு கியர்ல செயின் ரெண்டு விதமா காலை வாரும்.

ஒண்ணு, அறுந்து கீழ விழுறது. அப்போ பெடல் சும்மா சுத்தும், சக்கரம் தன் போக்குல ஓடும். முன் பிரேக் இருந்தா தப்பிக்கலாம். இல்லைன்னா செருப்புத்தான் பிரேக்.

ரெண்டாவது, அறுபடாம கழண்டுக்கிறது. இதுதான் மோசம். நம்ம சைக்கிள்ல கழண்ட செயின் சும்மா தொங்கும். பிக்ஸ்டு கியர்ல சக்கரத்தோட சேர்ந்து பல்சக்கரமும் சுத்திக்கிட்டே இருக்கிறதால, கழண்ட செயினை அது உள்ள இழுக்கும். பல்லுக்கும் பிரேமுக்கும் நடுவுலயோ, பல்லுக்கும் ஆரக்கம்பிக்கும் நடுவுலயோ சிக்கிச்சுன்னா பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். வளைவுல போய்க்கிட்டிருந்தா கதை கந்தல்.

காரணம் பெரும்பாலும் சின்ன விஷயம்தான். செயின் "நீண்டு போச்சு"ன்னு சொல்றோமே, உண்மையில இரும்பு நீளறதில்ல. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் துளித் துளியா தேயும். எல்லாம் சேர்ந்து நீளமா தெரியும். ஒரு ஸ்கேல் போதும் கண்டுபிடிக்க. புது செயின்ல 24 கண்ணி சரியா 12 அங்குலம். பதினாறுல ஒரு அங்குலம் கூடியிருந்தா செயினை மாத்தணும். எட்டுல ஒரு அங்குலம் கூடியிருந்தா பல்லும் சேர்ந்து தேஞ்சிருக்கும். கியர் மாத்துற சைக்கிள்ல தொய்வை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் உண்டு. பிக்ஸ்டு கியர்ல அது இல்ல. பின்சக்கரத்தை நகர்த்தி நாமதான் இறுக்கணும். அச்சு நட்டு லேசா நழுவினாலே தொய்வு வந்துடும்.

இதையெல்லாம் இணையத்துல பொறுமையா எழுதி வெச்ச ஒரு மனுஷன் ஷெல்டன் பிரவுன். மாசசூசெட்ஸ்ல ஒரு சைக்கிள் கடைல வேலை பார்த்துக்கிட்டே, காசு கேக்காம பக்கம் பக்கமா எழுதினவர். பிக்ஸ்டு கியர் பைத்தியம். அந்தப் பைத்தியமே, ரோட்டுல ஓட்டுறவங்க முன் பிரேக் போடுங்கன்னு எழுதினார். எண்ணெய் போடும்போது விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல மாட்டினா சக்கரம் நிக்காது, விரல்தான் போகும்னும் எச்சரிச்சார். 2008 பிப்ரவரியில காலமானார். நம்மள மாதிரி சும்மா ஆசைக்கு எழுதுற கூட்டத்துக்கு அவர்தான் குலசாமி.

39 நொடியும் ஒரு உயிரும்

செயின் கழண்ட கதைகள்ல உலகப் புகழ் பெற்றது 2010 ஜூலை 19ல நடந்தது. டூர் டி பிரான்ஸ், போர் தெ பாலேஸ் மலை. மஞ்சள் சட்டையில இருந்த ஆண்டி ஷ்லெக்குக்கு செயின் கழண்டுச்சு. அவர் மாட்டி முடிக்கிறதுக்குள்ள கோன்டடோர் பறந்துட்டார். அன்னைக்கு இழந்தது 39 நொடி. பாரிஸ்ல கோன்டடோர் ஜெயிச்ச வித்தியாசமும் அதே 39 நொடி! அப்புறம் ஊக்கமருந்து வழக்குல 2012ல கோன்டடோர் பட்டம் பறிபோய் ஷ்லெக்குக்கு வந்தது தனிக் கதை. அது ப்ரீவீல், பிரேக் எல்லாம் இருக்கிற வண்டி. அதனால இழப்பு நொடிக் கணக்குல நின்னுச்சு.

பந்தய வளையத்துல ஓடுற டிராக் சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாது. அதுல ஒரு நியாயம் இருக்கு. எல்லாரும் ஒரே திசையில போறாங்க. யாராவது சட்டுனு பிரேக் போட்டா பின்னாடி வர்றவன் மேல ஏறிடுவான். ஜப்பான்ல 1948ல ஆரம்பிச்ச கெய்ரின் பந்தயத்துல, செயின் உட்பட எல்லா பாகத்துக்கும் அங்கீகார முத்திரை வேணும்.

சிக்கல், அந்த வண்டியை அப்படியே ரோட்டுக்குக் கொண்டு வரும்போதுதான். நியூயார்க்ல கூரியர் பசங்க இதை ஓட்டினாங்க. அவங்கள்ல ஒருத்தரான நெல்சன் வேல்ஸ் 1984 ஒலிம்பிக்ல வெள்ளியே வாங்கினார். 2000கள்ல இது ஊர் ஊரா பேஷன் ஆச்சு. பிரேக் இல்லாம ஓட்டுறது கெத்துன்னு ஆச்சு.

2006ல அமெரிக்காவோட போர்ட்லேண்ட்ல ஒரு கூரியருக்கு பிரேக் இல்லைன்னு போலீஸ் அபராதச் சீட்டு கொடுத்துச்சு. காய்ஞ்ச சமதளத்துல சக்கரத்தை வழுக்க வைக்கிற பிரேக் வேணும்ங்கிறது அந்த ஊர்ச் சட்டம். காலாலயே வழுக்க வைக்க முடியுமே, அப்போ அதுவும் பிரேக்தானேன்னு வாதம். நீதிபதி ஒத்துக்கல. பிரிட்டன்ல 1983 விதிகள் இன்னும் தெளிவு. ரெண்டு தனித்தனி பிரேக் வேணும். பிக்ஸ்டு கியரை ஒரு பிரேக்கா கணக்கு வெச்சுக்கலாம். ஆனா முன் பிரேக் கட்டாயம்.

2016 பிப்ரவரியில லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட்ல, முன் பிரேக் இல்லாத டிராக் சைக்கிள் ஒண்ணு சாலையைக் கடந்த ஒரு பெண் மேல மோதுச்சு. அவங்க இறந்துட்டாங்க. செயின் அறுபடல. எல்லாமே சரியா வேலை செஞ்சுது. இருந்தும் நிறுத்த முடியல. 2017ல ஓட்டினவருக்கு 18 மாசம் தண்டனை. அதுக்குப் பயன்பட்டது குதிரை வண்டிக் காலத்துல, 1861ல எழுதின சட்டம்.

பின்சக்கரத்தை மட்டும் பிடிச்சா ஏன் போதாது? வேகம் குறையும்போது பாரம் முன்னாடி சாயும். பின்சக்கரம் லேசாகி வழுக்கும். பிடிமானம் பூரா முன்சக்கரத்துல. இதுக்கு மேதை தேவையில்ல, ஒரு லிவரும் ஒரு கேபிளும் போதும்.

பிக்ஸ்டு கியர் மோசம்னு நான் சொல்ல வரல. 1956ல இங்கிலாந்துல ரே பூட்டி 100 மைலை 3 மணி 58 நிமிஷம் 28 நொடியில ஓட்டினது இந்த மாதிரி ஒத்தைக் கியர் வண்டியிலதான். ஓட்டுறவங்க தாராளமா ஓட்டட்டும். ஆனா செயினை மட்டும் நம்புறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கல. ரோட்டைக் கடக்கிற யாரோ ஒருத்தரோட உயிரையும் சேர்த்துத்தான் வைக்கிறான். அவங்ககிட்ட யாரும் கேக்கல.

பி.கு: ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரங்கன்னு தெரியும்ல? 1903ல பறந்த அவங்க விமானத்துல இன்ஜின் விசையை விசிறிகளுக்குக் கொண்டு போனதும் ரோலர் செயின்தான். ரெனால்டு போட்ட விதை ஆகாயம் வரைக்கும் போயிடுச்சு. நீங்க அவ்வளவு தூரம் போக வேணாம். இந்த ஞாயித்துக்கிழமை ஸ்கேலை எடுத்து உங்க சைக்கிள் செயினை ஒரு தடவை அளந்துட்டு வந்து எத்தனை அங்குலம்னு சொல்லுங்க. :-)