ஒரு பிட் குறைந்த எண்

ஓகேமல் மொழியில் ஒன்று என்ற எண்ணை எழுதிவிட்டு, கணினியின் நினைவகத்துக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே மூன்று இருக்கும். இரண்டு எழுதினால் ஐந்து. ஐந்து எழுதினால் பதினொன்று. எந்த முழு எண்ணாக இருந்தாலும் இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டித்தான் உள்ளே வைக்கிறார்கள். இது என்ன கூத்து என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காரணம் தேடிப்போனால், ஒத்துவராத குணம் கொண்ட இரண்டு மொழிகள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய கதையில் போய் நிற்கிறது.

முதல் ஆள் சி. 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. சி-க்கு நினைவகம் என்பது வரிசையாக அடுக்கிய பெட்டிகள், அவ்வளவுதான். பெட்டிக்குள் இருப்பது எண்ணா, இன்னொரு பெட்டியின் விலாசமா என்பது எழுதுகிறவர் பொறுப்பு. இடத்தை வாங்கியவரே திருப்பித் தர வேண்டும்.

இன்னொரு பரம்பரை ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப்பிலிருந்து வருகிறது. 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலேயே, யாரும் இடத்தைத் திருப்பித் தர வேண்டாம், யாருக்கும் தேவைப்படாததை இயந்திரமே கண்டுபிடித்து மீட்டுக்கொள்ளும் என்ற யோசனை இருக்கிறது. இன்று அதை கார்பேஜ் கலெக்டர் என்கிறோம். 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னர் குழு உருவாக்கிய எம்.எல். மொழி இதோடு ஒரு கறாரான வகை அமைப்பையும் சேர்த்தது. தேற்றங்களை நிறுவும் மென்பொருளுக்காகப் பிறந்த மொழி. தப்பு நடக்கக் கூடாது என்பதுதான் அதன் மொத்த ஜாதகமும். எம்.எல்.லின் பிரெஞ்சுக் கிளை, இன்ரியா ஆய்வகத்தில் 1987இல் வெளியான கேமல். 1990-91இல் சாவியே லெருவா அதைப் புதிதாக எழுதினார். நினைவக மேலாண்மை டாமியன் டொலிஜேயுடையது. சின்ன கணினிகளிலும் ஓட வேண்டும் என்பதால் மொழியின் இயக்கியையே சி-யில் எழுதினார்கள். கேமல் லைட் என்று பெயர். 1996இல் அது அப்ஜெக்டிவ் கேமல் ஆச்சு, பிறகு ஓகேமல்.

ஆக, அஸ்திவாரமே சி. சிக்கலும் அங்கேதான்.

கார்பேஜ் கலெக்டர் வேலை செய்யும்போது அது பார்க்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே கேள்வி: இது எண்ணா, விலாசமா? விலாசம் என்றால் பின்தொடர்ந்து போக வேண்டும். எண் என்றால் விட்டுவிடலாம். விலாசங்கள் எப்போதும் நாலின் அல்லது எட்டின் மடங்காகவே இருக்கும், அதாவது கடைசி பிட் சுழியம். அப்படியானால் எண்களின் கடைசி பிட்டை ஒன்றாக்கிவிட்டால் போதுமே! இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுவது இதற்காகத்தான். லிஸ்ப், ஸ்மால்டாக் வட்டாரத்தில் ஏற்கெனவே புழங்கிய தந்திரம்தான் இது. ஆனால் விலை உண்டு. 32 பிட் கணினியில் ஓகேமலின் முழு எண்ணுக்கு 31 பிட்தான் மிச்சம். 107 கோடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எண்கள் முடிந்துவிடும். 64 பிட் கணினியில் 63.

இப்போது எல்லைக்கு வருவோம். சி-யில் எழுதிய ஒரு செயல்கூறு, மாற்றாமல் ஐந்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். ஓகேமல் அதை இரண்டு என்று படிக்கும். ஆறை அனுப்பினால் இன்னும் மோசம்: கடைசி பிட் சுழியம், எனவே விலாசம். கலெக்டர் ஆறாம் எண் வீட்டைத் தேடிப்போகும், நிரல் செத்துவிழும். எம்.எல். பரம்பரை பெருமைப்பட்ட வகைச் சோதனை இங்கே கைகொடுக்காது. 'இந்தச் செயல்கூறு முழு எண் தரும்' என்று ஓகேமல் பக்கம் நாம் ஒரு வரி அறிவிக்கிறோம், கம்பைலர் கேள்வி கேட்காமல் நம்புகிறது.

இதைவிட நயவஞ்சகமானது இடமாற்றம். ஓகேமலில் புதிதாகப் பிறக்கும் பொருள்கள் ஒரு சின்ன பகுதியில் குடியேறுகின்றன. அது நிரம்பியதும், இன்னும் தேவைப்படுகிறவற்றை வேறிடத்துக்குக் குடிபெயர்த்துவிட்டுப் பகுதியையே காலி செய்துவிடுவார்கள். ஓகேமல் நிரலில் இருக்கும் விலாசங்களெல்லாம் தானாகத் திருத்தப்படும். சி-யின் மாறியில் உட்கார்ந்திருக்கும் பழைய விலாசத்தை யார் திருத்துவது? கலெக்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் சி பக்கத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும்: என் கையில் இந்த மாறிகளில் உன் பொருள்கள் இருக்கின்றன, நகர்த்தினால் இங்கேயும் வந்து விலாசத்தை மாற்றிவிட்டுப் போ. வெளியேறும்போது பதிவை நீக்க வேண்டும். மறந்தால் கம்பைலர் எச்சரிக்காது. கலெக்டர் சரியாக அந்த நொடியில் ஓடினால்தான் பிழை தெரியும். அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் ஓடும்.

இத்தனை சடங்கையும் பொறுத்துக்கொண்டு ஏராளமான நூலகங்கள் எழுதப்பட்டுவிட்டன. அவற்றின் பாரம் எவ்வளவு என்பது பல மையச் செயலிகள் வந்தபோது தெரிந்தது. ஓகேமல் 4 வரை எத்தனை மையம் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு இழைதான் ஓகேமல் நிரலை ஓட்ட முடியும். இதை மாற்றும் வேலை கேம்பிரிட்ஜில் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவரான கே.சி. சிவராமகிருஷ்ணன் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். அவர்கள் இரண்டு வகை கலெக்டர்களைக் கட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் ஒவ்வொரு மையமும் மற்றவற்றை நிறுத்தாமல் தன் சின்ன பகுதியைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொருளின் உள்ளே இருப்பதைப் படிப்பதுகூட கலெக்டரை எழுப்பிவிடக்கூடும். சி நிரல்களோ அத்தனை வருஷமாகச் சும்மா எட்டிப் படித்துக்கொண்டிருந்தவை. அவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். இன்னொரு வகை, எல்லா மையங்களையும் சற்று நிறுத்திவைத்து, சேர்ந்து சுத்தம் செய்வது. 2020இல் வந்த அவர்களின் கட்டுரையைப் படித்தால் இரண்டாவது ஏன் ஜெயித்தது என்று புரியும். வேகத்திலும் அது சளைக்கவில்லை, பழைய சி நிரல்களையும் உடைக்கவில்லை. யாரோ எப்போதோ எழுதிப்போட்ட ஒட்டு நிரல்கள் ஒரு மொழியின் எதிர்காலக் கட்டமைப்பைத் தீர்மானித்தன. எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. அடுத்தவர் உழைப்புக்குக் காட்டிய மரியாதையாகவே படுகிறது.

ஓகேமல் 5.0 டிசம்பர் 2022இல் வந்தது. சி நிரல்கள் பெரும்பாலும் தப்பித்தன, ஒரு விஷயத்தைத் தவிர. சி-யில் வாங்கிய இடத்தின் விலாசத்தை மாற்றாமல் அப்படியே ஓகேமல் பொருளுக்குள் வைக்கும் பழைய பழக்கத்துக்கு இனி அனுமதி இல்லை. ஒரு பெட்டிக்குள் பொதிந்து தர வேண்டும். இல்லையென்றால் கடைசி பிட்டை ஒன்றாக்கி, அந்த விலாசத்துக்கே ஒற்றைப்படை எண் வேஷம் கட்டி அனுப்ப வேண்டும்.