புக்கிட் சாண்டு நினைவகம்

புக்கிட் சாண்டு நினைவகம் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் பகுதியில் பெப்பிஸ் சாலையின் மேட்டில் அமைந்துள்ள ஓர் இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் ஆகும். ஆங்கிலேயர் காலத்துப் பங்களா ஒன்று புதுப்பிக்கப்பட்டு, சிங்கப்பூர் வீழ்ந்த 60ஆம் ஆண்டு நாளான 2002 பெப்ரவரி 15 அன்று நினைவகமாகத் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் இதனைப் பராமரிக்கிறது.

பெயரும் கட்டடமும்

மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. சாண்டு என்பது புகைப்பதற்காகப் பக்குவப்படுத்திய அபின். 1910இல் குடியேற்ற அரசு அபின் தயாரிப்பையும் விற்பனையையும் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. குன்றின் அடிவாரத்தில் அபின் பொதியும் ஆலை இருந்தது. அதன் உயர் அலுவலர்கள் மேலே இப்பங்களாவில் வசித்தனர். வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டங்களும் கொண்ட இவ்வகை வீடுகள் சிங்கப்பூரில் 'கறுப்பு வெள்ளை பங்களா' எனப்படுகின்றன. பிற்காலத்தில் வீரத்தின் அடையாளமாகிவிட்ட இக்குன்றின் பெயர் அரசின் போதைப்பொருள் வணிகத்திலிருந்து வந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி.

1942 போர்

1942 பெப்ரவரி 13 அன்று ஜெனரல் முத்தகுச்சி தலைமையிலான ஜப்பானிய 18ஆம் படைப்பிரிவு பாசிர் பாஞ்சாங் மேட்டைத் தாக்கியது. எதிர்த்து நின்றவர்களுள் மலாய்ப் படையணியினர் முதன்மையானவர்கள். மறுநாள் அதன் 'சி' அணி இக்குன்றைக் காத்தது. எண்ணெய்க் கிடங்கிலிருந்து கசிந்த எண்ணெய் வாய்க்காலில் எரிந்துகொண்டிருந்ததால் அவர்களால் பின்வாங்க இயலவில்லை.

ஜப்பானியர் பஞ்சாபிச் சிப்பாய்களைப் போல உடையணிந்து வந்தனர். பிரித்தானியப் படையினர் மூவர் மூவராக அணிவகுப்பது வழக்கம். வந்தவர்களோ நால்வர் நால்வராக நடந்தனர். லெப்டினன்ட் அட்னான் சைடியின் வீரர்கள் இதனைக் கண்டுகொண்டு சுட்டனர். எனினும் அடுத்த தாக்குதலில் குன்று வீழ்ந்தது. அட்னான் கொல்லப்பட்டார், அவரது உடல் மரத்தில் தொங்கவிடப்பட்டதாகக் கூறப்படுகிறது. கிராஞ்சி போர் நினைவிடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

அதே நாளில் அருகிலுள்ள அலெக்சாந்திரா மருத்துவமனைக்குள் புகுந்த ஜப்பானியர் நோயாளிகளையும் பணியாளர்களையும் கொன்றனர். 15ஆம் நாள் பிரித்தானியர் சரணடைந்தனர். 17ஆம் நாள் உண்மையான இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 40,000 பேர் ஃபாரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவம் இவர்களிடமிருந்தே உருவாகத் தொடங்கியது. எனவே இந்தியச் சீருடை குறித்த இக்குன்றின் கதை தமிழ் வாசகருக்குத் தொலைவானதன்று.

காட்சியும் பயணமும்

நினைவகம் 2018இல் சீரமைப்புக்காக மூடப்பட்டு 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது. மலாய்ப் படையணியின் வரலாற்றுடன் வீட்டின், அபின் ஆலையின் கதையும் இப்போது இடம்பெறுகிறது. காட்சிகளின் மையம் போரே. 'சியோனான்' எனப் பெயர் மாற்றப்பட்டிருந்த மூன்றரை ஆண்டுக்கால ஆக்கிரமிப்பு வாழ்வை விரிவாக அறிய, சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தான புக்கிட் தீமா பழைய ஃபோர்டு தொழிற்சாலை அருங்காட்சியகத்தையும் காண வேண்டும்.

பாசிர் பாஞ்சாங் தொடருந்து நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். பெப்பிஸ் சாலை செங்குத்தானது. வெயிலுக்கு முன் ஏறுவது நல்லது. பங்களாவை ஒட்டி கென்ட் ரிட்ஜ் பூங்காவின் மரமுகட்டு நடைபாதை தொடங்குகிறது.