ஆலையும் மில்லும்

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்கிறோம். இந்தப் பழமொழியில் வரும் ஆலையில் சங்கு ஊதாது, ஷிப்டு மாறாது. மாடு சுற்றச் சுற்ற, கரும்பை நசுக்கிச் சாறு இறக்கும் பொறி அது. எண்ணெய்க்குச் செக்கு, கரும்புக்கு ஆலை என்று தமிழில் தனித்தனிப் பெயர். பட்டினப்பாலையில் வருவதும் கரும்பாலைதான். அதன் நெருப்பு வெக்கையில் பக்கத்து வயலின் நெய்தல் வாடிப்போனதாகப் புலவர் சொல்கிறார்.

சாறு பிழியும் இடத்தின் பெயர் துணி நெய்யும் இடத்துக்கு எப்படி வந்தது? பதில் தேட இங்கிலாந்துவரை போகவேண்டும். ஆங்கிலத்தில் ‘மில்’ என்பதும் முதலில் தானியம் அரைக்கும் இடம்தான். அரைவைக் கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. அங்கே மாவு அரைக்கும் கல்லை ஆற்று நீர் சுழற்றியது. டெர்பிஷயர் மாவட்டத்து கிராம்ஃபோர்டில் 1771-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் நூற்பு எந்திரங்களை நிறுவியபோது அவற்றை ஓட்டியதும் அதே நீர்ச்சக்கரம். உள்ளே மாவுக்குப் பதில் நூல். வெளியே சக்கரம் மாறவில்லை. அதனால் பெயரும் மாறவில்லை. பின்னால் நீராவி வந்து சக்கரம் போனது, பெயர் நின்றுவிட்டது.

வடசென்னையின் பெரம்பூருக்கு மில் வந்தது அந்த நீராவிக் காலத்தில். பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில் 1876-இலும், கர்நாட்டிக் மில் 1881-இலும் தொடங்கின. ஒன்றில் இங்கிலீஷ் பெயர், இன்னொன்றில் நம் நாட்டின் பழம்பெயர். 1920-இல் இரண்டும் பி அண்ட் சி மில் என்ற ஒரே கம்பெனியாயின. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி இங்கிருந்து போனது. புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மில்லே சோறு.

இந்த மில்லை எழுத்துத் தமிழ் ஆலை என்றது. இங்கிலாந்தில் பெயரைச் சுமந்து வந்தது ஒரு சக்கரம். இங்கே அப்படிப் பாலம் எதுவும் இல்லை. கரும்பு ஆட்டிய மாட்டுக்கும் பெரம்பூர் பாய்லருக்கும் உறவில்லை. பேனாதான் இரண்டையும் இணைத்தது. பாரதி ‘பாரத தேசம்’ பாட்டில் நாட்டுக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது ஆலையையும் கல்விச் சாலையையும் எதுகையாகச் சேர்த்தார். அந்த ஓசை உறவாலோ என்னவோ, தொழிற்சாலைக்குள்ளும் ஓர் ஆலை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தொழில், சாலை என்றுதான் பிரியும். பஞ்சாலையிலும் நூற்பாலையிலும் இருப்பதே அசல் ஆலை. பாரதியின் நண்பர் வ.உ.சி. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்தினார். அதே ஆண்டு சிறை சென்ற அவரைக் கோவையில் செக்கிழுக்க வைத்தார்கள். புது ஆலையின் தொழிலாளருக்காகப் பேசியவருக்குப் பழைய பொறி தண்டனையானது.

1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் மில் தொழிலாளர்களிடையே, பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்நின்றார்கள்; திரு.வி.க. மேடையிலும் பத்திரிகையிலும் துணைநின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். ‘ஆலைத் தொழிலாளர்’ என்ற தொடர் ஒரு வர்க்கத்தின் பெயரானது அந்தத் தலைமுறையில்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் எல்லாரும் ஒன்றாக நிற்கவில்லை. பெரம்பூர் மில்களின் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கமும் மற்றவர் எதிர்ப்பக்கமுமாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

பாரதிதாசன் ஆலைச் சங்கை அழைத்துப் பாட்டே எழுதினார். ஆனால் வடசென்னையின் வாயில் ஆலை ஏறவே இல்லை. ‘மில்லு சங்கு ஊதிடுச்சு’, ‘அப்பா மில்லுல இருந்தாரு’ என்றுதான் பேச்சு. ஆலை நோட்டீசிலும் மேடையிலும் இருந்தது. மில்லு வீட்டில் இருந்தது.

1996-இல் பி அண்ட் சி மில் மூடப்பட்டது. காலிக் கட்டடங்களில் சினிமாச் சண்டைகள் எடுத்தார்கள். பிறகு அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. மில்லு என்ற சொல் மட்டும் வேலை இழக்கவில்லை. மகாகவி பாரதி நகர் என்பதை எம்.கே.பி. நகர் என்று சுருக்கிக்கொண்ட குடியிருப்பிலும், அதைச் சுற்றிய தெருக்களிலும், இன்று ‘மில்லுக்குப் போய்ட்டு வா’ என்றால் கையில் மிளகாயும் மல்லியும் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று பொருள். துணியை விட்டு அரைவைக்கே திரும்பிவிட்டது சொல். டெர்பிஷயரில் நூலுக்கு மாறுவதற்குமுன் ‘மில்’ எதைக் குறித்ததோ, அதையே இந்த மாவு மில் குறிக்கிறது. ஆலைக்கு வடசென்னையில் அப்படித் திரும்பிப்போக இடமில்லை. கரும்பாட்டும் பழைய பொருள் இங்கே பழமொழியில்தான் மிச்சமிருக்கிறது.