ஜெய்ப்பூர் காலும் தொடைத் தசையும்: ஒரு மறுவாசிப்பு

கால் இழந்தோரின் நடமாட்ட வரலாறு நம்மிடம் பெரும்பாலும் பாதத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. மரக்கட்டைக் கால், 1950களில் கலிபோர்னியாவில் உருவான சாக் பாதம், அதன்பின் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர் பாதம் என அந்த வரிசை நீள்கிறது. ஜெய்ப்பூர் காலின் பிறப்பை 1968 என்று குறிப்பது வழக்கம். பல மாதிரிகள் தோற்றுத் தேறிய ஒரு பொருளுக்கு ஒற்றை ஆண்டைக் குறிப்பதைவிட 1960களின் பிற்பகுதி என்பதே பொருந்தும். இந்த வரலாற்றில் பாதத்தைத் தூக்கி நடந்த தசைகளுக்கு இடமில்லை.

பாதமே நடையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வு, 1995இல் ஆர்யா, லீஸ், நிருலா, க்ளெனர்மன் ஆகிய நால்வரும் வெளியிட்டது. சாக், சியாட்டில், ஜெய்ப்பூர் ஆகிய மூன்று பாதங்களையும் அவர்கள் நில எதிர்விசையைக் கொண்டு ஒப்பிட்டனர். அதிர்ச்சியைத் தாங்குவதில் சாக் பாதம் மேல். இயல்பான நடைக்கு நெருங்கி வருவது ஜெய்ப்பூர் கால் என்று முடிவு கண்டனர். இந்த இரண்டாம் முடிவு நமக்குப் பெருமையாக இருப்பதால் அதோடு நின்றுவிடுகிறோம். அதே ஆய்வுச் சுருக்கத்தில் இன்னொரு முடிவும் இருக்கிறது: மூன்றில் எந்தப் பாதமும் அதை அணிந்து நடந்தவர்களுடைய நடைப்பாங்கைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை.

என் கருத்தில், அந்த ஆய்வின் மிக முக்கியமான முடிவு இதுதான். ஆய்வாளர்கள் இதைத் துணைச் செய்தியாக விட்டுவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதத்தை மாற்றியும் நடைப்பாங்கு மாறவில்லை என்றால், அதைத் தீர்மானிப்பது பாதத்துக்கு மேலே இருக்கவேண்டும். நில எதிர்விசை உடல் முழுவதும் தரையோடு நடத்தும் கொடுக்கல் வாங்கலின் கூட்டுத்தொகை. அதில் எந்தத் தசையின் பங்கு எவ்வளவு என்பது தெரியாது. ஆய்வுக்கு உட்பட்டவர்களும் மிகச் சிலரே. ஆகவே வேறுபாடு கண்ணில் படாமல் போயிருக்கவும் கூடும். இந்த மறுப்பை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அது ஜெய்ப்பூர் கால் சிறந்தது என்ற முடிவையும் அதே அளவுக்குத் தளர்த்துகிறது.

தசையின் பக்கமிருந்து வந்த சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்குக் கெண்டைக்கால் தசையின் உந்துதல் போய்விடுகிறது. அந்த வேலையின் ஒரு பகுதியை இடுப்பை நீட்டும் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன என்பதை வின்டரும் சியன்கோவும் 1988இல் காட்டினர். தொடையில் துண்டிக்கப்பட்டவர்களை 1995இல் காந்த ஒத்ததிர்வுப் படங்கள் மூலம் ஆராய்ந்த யேகர்ஸ் குழு, வெட்டுப்பட்ட தசைகள் 40 முதல் 60 விழுக்காடு வரை சுருங்கியிருந்ததையும், வெட்டுப்படாத இடுப்புத் தசைகள்கூட 30 விழுக்காடு வரை மெலிந்திருந்ததையும் கண்டது. கத்தி படாத தசையும் மெலிகிறது என்பதை நடைப்பயிற்சி தருவோர் கவனிக்கவேண்டும்.

தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒரு சான்றை இங்கே நின்று பார்க்கலாம். 1981இல் தமிழகத்தில் நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து, பரதக் கலைஞர் சுதா சந்திரனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. ஜெய்ப்பூர் காலோடு 1984இல் அவர் மீண்டும் மேடையேறினார். இதை அந்தப் பாதத்தின் வெற்றியாகவே சொல்லிவருகிறோம். பரதத்தின் அரைமண்டியை எண்ணிப் பாருங்கள். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து மடங்க, உடல் நிமிர்ந்தபடி தாழ்ந்து நிற்கவேண்டும். தொடையின் முன்தசை இழுபட்ட நிலையில் சுமையைத் தாங்குகிறது. பிட்டத் தசைகள் தொடையை வெளிப்புறம் திருப்பி நிறுத்துகின்றன. ரப்பர் பாதம் தரையில் படிந்து கொடுக்கும், சற்றுத் திரும்பியும் கொடுக்கும். அந்த நிலையில் உடலைப் பிடித்து நிறுத்துவது தசையே. அவருடைய தசை வலிமையின் அளவீட்டை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. நிலையின் இயக்கவியலிலிருந்து ஊகிக்கிறேன். சிறுவயது முதல் ஆடிப் பழகிய தொடையும் இடுப்பும் விபத்துக்குப் பிறகும் அவரிடம் இருந்தன. அந்த முதலீடு இல்லாதவருக்கு அதே பாதம் அதே பலனைத் தரும் என்று எப்படிச் சொல்வது?

வத்திராயிருப்பு வட்டாரத்து மகாராஜபுரம் போன்ற ஊரில் இந்தக் கேள்விக்கு அவசரம் கூடுகிறது. ஆய்வுக்கூடத்தின் தளம் சமமானது. அந்த வட்டாரத்து வயல் வரப்பும் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் பாறைத்தடமும் அப்படியல்ல. ஈர வரப்பில் ஒற்றைக் காலில் எடை மாறும் நொடியில் இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால், எந்தப் பாதமும் சாய்வைத் தடுக்காது. வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் சம்மணமிடவும் வழிசெய்தது சேத்தியின் பெருங்கொடை. அந்த வழியில் நடக்க வலுவும் வேண்டும். செயற்கைக் கால் பொருத்தும் முகாம்களில் அளவெடுக்கும் அன்றே இடுப்பு, முழங்கால் வலிமையையும் சோதித்துக் குறித்து, பயிற்சியை அங்கேயே தொடங்கவேண்டும் என்பது என் கோரிக்கை.

ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. வலுவுள்ளவர் அதிகம் நடக்கிறாரா, அதிகம் நடப்பவர் வலுப்பெறுகிறாரா? ஒரே நாளில் எடுத்த அளவீடு இதற்கு விடை சொல்லாது. பொருத்திய நாளிலிருந்து அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பதிவுகளே சொல்லும். அதுவரை, நடை வந்ததற்குப் பாதத்தை மட்டும் பாராட்டுவதும், நடை வராததற்கு நடப்பவரைக் குறைசொல்வதும் சான்றுக்கு மிஞ்சிய முடிவுகளே.